கூடுவதற்கு ஒரு சாக்கு

இணையம் வந்தபின் மக்கள் பொது இடங்களில் நேரில் கூடுவது குறைந்துவிட்டது என்கிறார்களே, அது உண்மைதானா, உண்மையென்றால் அதற்கு இணையம்தான் காரணமா, அதனால் நாம் இழந்தது என்ன என்று மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை என்பதே என் பதில். இரண்டாவது கேள்வியைப் பொறுத்தவரை, இணையம் குற்றவாளிகளின் வரிசையில் கடைசியாக வந்து நின்ற ஆள். ஆனால் அது செய்த வேலை முந்தையவர்கள் செய்ததைவிட நுட்பமானது. மூன்றாவது கேள்விதான் கனமானது என்பதால் அதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

காலவரிசையை முதலில் நேர்செய்துகொள்வோம். கூட்டங்கள் மெலிந்துவருவதை எண்ணிக்கைகளோடு எடுத்துக்காட்டி உலகம் முழுவதும் பேசவைத்தவர் ராபர்ட் பட்னம் என்ற அமெரிக்க அரசியலறிஞர். இதைப் பற்றிய கட்டுரையை அவர் 1995இலும் விரிவான நூலை 2000இலும் வெளியிட்டார். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வது 58 விழுக்காடும், நண்பர்களை வீட்டுக்கு அழைப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்ததாக அவர் காட்டினார். அந்தக் கால் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இணையம் என்பது ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாத ஒன்று. அவர் பழியைப் பங்கிட்ட விதமும் கவனிக்கத்தக்கது. பொதுக்காரியங்களில் ஊறிப்போன ஒரு தலைமுறை மறைந்து, அந்தப் பழக்கமில்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வந்தது சரிவில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம். தொலைக்காட்சி கால் பங்குக்குக் காரணம். வேலை நெருக்கடிக்குப் பத்தில் ஒரு பங்கு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நீண்டுபோன தொலைவுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது அவருடைய உத்தேசக் கணக்கு. ஒரு சமூகத்தின் பழக்கமாற்றத்தை இப்படிக் கூறுபோட முடியுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் கணக்கு எப்படியிருந்தாலும் வரிசை மாறாது. கூட்டம் மெலியத் தொடங்கிய பிறகுதான் இணையம் வீட்டுக்குள் வந்தது.

இன்னும் பின்னால் போனால் இதே கதை வேறு வேடத்தில் நடந்திருப்பதைக் காணலாம். 1826இல் ஜோசையா ஹோல்புரூக் தொடங்கிவைத்த லைசியம் இயக்கமும், 1874இல் தொடங்கிய சட்டாக்குவா கூட்டங்களும் அமெரிக்கச் சிற்றூர்களுக்குச் சொற்பொழிவையும் விவாதத்தையும் இசையையும் கொண்டுபோய்ச் சேர்த்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டாக்குவா கூடாரங்கள் ஊர் ஊராகப் பயணம் செய்தன. கோடையில் சில நாட்கள் கூடாரம் போட்டால் சுற்றுவட்டாரமே அங்கே திரளும். 1920களில் வானொலியும் திரைப்படமும் மோட்டார் வாகனமும் பரவியதும் அந்தக் கூடாரங்கள் விரைவிலேயே சுருட்டப்பட்டன. பேச்சு கேட்கும் ஆசை அன்றைக்கும் செத்துவிடவில்லை. பேச்சு வீட்டுக்கே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மக்கள் எதற்காகக் கூடினார்கள் என்று பார்த்தால்தான் இது விளங்கும். லண்டன் நகரில் 1652இல் முதல் காப்பிக்கடை திறந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவை ஏராளமாகப் பெருகிவிட்டன. எட்வர்டு லாய்டு என்பவரின் கடைக்குக் கப்பல்தலைவர்களும் வணிகர்களும் வந்தது, எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, சரக்கு கரைசேர்ந்ததா என்ற சேதியைத் தெரிந்துகொள்வதற்காக. சேதிக்காக வந்தவர்கள் நாளடைவில் ஒருவரையொருவர் எடைபோட்டார்கள், நம்பினார்கள், கடலில் நேரும் நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். லாய்ட்ஸ் என்று இன்று உலகம் அறிந்த காப்பீட்டுச் சந்தை அந்தக் கடையிலிருந்து வளர்ந்தது. காப்பீட்டுச் சந்தை ஒன்றை நிறுவுவோம் என்று யாரும் அங்கே வந்து உட்காரவில்லை. அரசியல் பேசுவதற்கென்று திறக்கப்பட்ட கடைகளும் அல்ல அவை. ஆனாலும் சேதி இருக்கும் இடத்தில் அரசியல் தானாக வந்து அமர்ந்துகொண்டது. 1675இன் இறுதியில் இரண்டாம் சார்லஸ் மன்னர் எல்லாக் காப்பிக்கடைகளையும் மூட ஆணையிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பொதுக்கூடுகைக்கு எப்போதும் இப்படி இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே தெரிவது வந்த வேலை: செய்தி அறிவது, உரை கேட்பது, விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது. அடியில் நடப்பது உடன்விளைவு: முகப்பழக்கம், நம்பிக்கை, எழுந்து நின்று பேசும் துணிவு, பிடிக்காதவரோடும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் பொறுமை. இணையம் மேலடுக்கு வேலையைக் கூட்டத்தைவிட மலிவாகவும் விரைவாகவும், பல நேரங்களில் சிறப்பாகவும் செய்கிறது. அடியிலிருந்ததற்கு என்றுமே யாரும் அழைப்பிதழ் அச்சிட்டதில்லை. ஆகவே மேலடுக்கு கைமாறியபோது அதுவும் ஓசையில்லாமல் போய்விட்டது. 'வாருங்கள், முகப்பழக்கம் செய்துகொள்வோம்' என்று அழைத்தால் யார் வருவார்கள்? வீட்டைவிட்டுக் கிளம்ப மனிதருக்கு ஒரு சாக்கு வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் மாலைப்பொழுதின் சில மணி நேரங்களை எடுத்துக்கொண்டன. சாக்குகள் அத்தனையையும் ஒரே கருவிக்குள் வாரிப்போட்டுக்கொண்டது இணையம்தான்.

இதை நான் ஒரு சிறிய அறையில் கண்ணெதிரே பார்த்தேன். மாதந்தோறும் அறிவியல் உரைக்கூட்டம் நடத்தும் ஒரு குழுவில் நீண்ட காலமாக இருக்கிறேன். அறையின் சாவி என்னிடம் இருக்கும். நாற்காலிகளை விரித்துப் போடுவது, வருகைப்பதிவேட்டை நூல் கட்டிய பேனாவோடு வாசலருகே வைப்பது, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. உரை ஒரு மணி நேரம், கேள்விகள் அரை மணி நேரம். அதன்பின் நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போதுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். உரையாளரிடம் கேட்கத் தயங்கியவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டே பக்கத்திலிருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கல்லூரி மாணவி ஒருவருக்குச் சந்திரகிரகணம் ஏன் ஒவ்வொரு மாதமும் வருவதில்லை என்று விளக்குவதற்காகப் பதிவேட்டின் பின்னட்டையில் வரைந்த சாய்ந்த வட்டங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. பிறகு, வர இயலாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று உரைகளைக் காணொளியாகப் பதிந்து வலையேற்றத் தொடங்கினோம். பார்வை எண்ணிக்கை ஏறியது. எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது. பதிவேட்டிலோ, பக்கம் வழிந்த கையெழுத்துகள் முக்கால் பக்கமாகி, அரைப் பக்கமாகி, ஒரு மாதம் ஒன்பது பேரில் வந்து நின்றன. வருவதை நிறுத்திவிட்ட ஒருவரை வழியில் பார்த்தபோது காரணம் கேட்டேன். "நான் எங்கே சார் வராமல் இருக்கிறேன், எல்லா உரையையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. உரை அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. நாற்காலி மடக்கும் நேரம் கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் போனதை அவர் உணரவும் இல்லை.

இணையம் மனிதர்களை நேரடியாகத் தனிமைப்படுத்துகிறது என்று சொல்வோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்றுகள் அவர்கள் நினைக்கும் அளவுக்கு வலுவாக இல்லை. ராபர்ட் கிரவுட்டும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேர் புதிதாக இணையம் பயன்படுத்தத் தொடங்கியதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் குடும்பத்தோடு பேசுவது குறைந்தது, பழகும் வட்டம் சுருங்கியது, தனிமையுணர்வு கூடியது என்ற அந்த முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதே குழுவினர் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதியபோது அந்தத் தீய விளைவுகளில் பெரும்பாலானவை மறைந்துபோயிருந்தன. 1990களின் பிற்பகுதியில் டொராண்டோ நகரின் புதிய புறநகர்க் குடியிருப்பு ஒன்றை கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் ஆராய்ந்தார்கள். அங்கே சில வீடுகளுக்கு அதிவேக இணைப்பும் பொதுவான மின்னஞ்சல் குழுவும் இருந்தன, சில வீடுகளுக்கு இல்லை. இணைப்பு பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அண்டைவீட்டாரைப் பெயர்சொல்லி அறிந்திருந்தார்கள். அந்த இணையம் பக்கத்துவீட்டுக்காரரோடு பேசுவதற்கென்றே அமைந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. இன்று நம் கையிலிருப்பது அப்படி அமைந்ததல்ல.

ஹாம்ப்டன் பின்னர் இன்னொரு வேலையும் செய்தார். வில்லியம் வைட் என்பவரின் குழு 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் முதலிய நகரங்களின் பூங்காக்களையும் படிக்கட்டுகளையும் நடைபாதைகளையும் படம்பிடித்து வைத்திருந்தது. அதே இடங்களை முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பப் படம்பிடித்து, ஒவ்வொரு காட்சியிலும் யார் தனியாக இருக்கிறார்கள், யார் சேர்ந்து நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். கைப்பேசியில் மூழ்கியிருந்தவர்கள் சிறுபான்மையினராகவே இருந்தார்கள். தனியாக நிற்பவர்களின் பங்கு குறைந்திருந்தது, பொது இடங்களில் பெண்களின் பங்கு கூடியிருந்தது. அந்தப் படப்பிடிப்பு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது, திறன்பேசி எல்லார் கையிலும் குடியேறியது அதற்குப் பிறகு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபக்கத்துச் சான்றும் உண்டு. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நண்பர்களோடு நேரில் செலவிடும் நேரம் 2003இல் நாளொன்றுக்கு 60 நிமிடமாக இருந்து 2020இல் 20 நிமிடமாகச் சுருங்கியது. 2020 பெருந்தொற்று ஆண்டு. ஆனால் சரிவு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டதையும் அதே கணக்கு காட்டுகிறது.

முதல் கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்: எல்லாவகைக் கூட்டமும் குறையவில்லை. பெருந்திரளைக் கூட்டுவது இன்று முன்னெப்போதையும்விட எளிது. இசைவிழாவுக்கும் விளையாட்டரங்குக்கும் கண்டனப் பேரணிக்கும் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள், அதுவும் சில நாட்கள் முன்னதாகத் தெரிந்தாலே போதும். நலிந்தது இடையிலிருந்தது: இருபது பேர் முதல் இருநூறு பேர் வரை, மாதந்தோறும் அல்லது வாரந்தோறும், பெரும்பாலும் சலிப்பூட்டும் நிகழ்ச்சிநிரலோடு, சென்ற கூட்டத்தின் குறிப்பேட்டைப் படித்து ஒப்புதல் வாங்கித் தொடங்கும் கூட்டம். அதைப் படம்பிடித்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் பெருந்திரளுக்கு முதுகெலும்பாக இருந்தது அந்தச் சலிப்பூட்டும் கூட்டம்தான்.

1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மான்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காகப் பேருந்தில் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியர், கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில், பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டியெடுத்தார். அவர் தலைமையேற்றிருந்த மகளிர் அமைப்பு ஏற்கெனவே பல ஆண்டுகளாகக் கூடிக்கொண்டிருந்தது, யார் எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவது என்பது தெரிந்திருந்தது; அதனால்தான் ஓரிரு நாட்களில் அத்தனை தாள்களும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. டிசம்பர் 5 திங்களன்று பேருந்துகள் ஏறத்தாழக் காலியாக ஓடின. அன்று மாலை ஒரு தேவாலயத்தில் பல்லாயிரவர் கூடி, புறக்கணிப்பைத் தொடரலாமா என்று கேட்டு, தொடர்வதென்று எழுந்து நின்று முடிவெடுத்தார்கள். அது 381 நாட்கள் நீடித்தது. அத்தனை நாட்களும் வேலைக்குப் போக வேண்டியவர்களை ஏற்றிச்செல்ல நூற்றுக்கணக்கான சொந்தக் கார்கள் முறைவைத்து ஓடின, அதற்கான பணம் திரட்டப்பட்டது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, யார் வீட்டில் குண்டு விழுந்தது, நாளை எந்த முனையில் கார் நிற்கும் என்பதையெல்லாம் தேவாலயங்களில் தொடர்ந்து நடந்த கூட்டங்களில் தெரிந்துகொண்டார்கள். பாட்டும் அங்கேதான், கணக்கும் அங்கேதான்.

இதோடு 2011ஆம் ஆண்டு எகிப்தின் தலைநகர் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை ஒப்பிடுபவர்கள் உண்டு. ஜனவரி 25 அன்று தொடங்கிய எழுச்சி 18 நாட்களில், பிப்ரவரி 11 அன்று, முப்பது ஆண்டு கால அதிபரைப் பதவியிறக்கியது. இணையமே இதைச் செய்தது என்று அன்று எழுதினார்கள். ஆனால் ஜனவரி 28 அன்று அரசு ஏறத்தாழ நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தபோது கூட்டம் கலையவில்லை, பெருகியது. வீட்டிலிருந்தே நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திரை இருண்டதும், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தெருவுக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பழைய சாக்கு சில நாட்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஜெய்னப் துஃபெக்ஜி என்ற சமூகவியலாளர் இத்தகைய எழுச்சிகளைப் பல நாடுகளில் நேரில் கண்டு எழுதியவர். முன்பெல்லாம் ஒரு பேரணி என்பது பல மாத அமைப்புவேலையின் முடிவு. இன்று அதுவே தொடக்கமாகிவிட்டது, கூடியபின் எந்தத் திசையில் திரும்புவது என்று முடிவெடுக்கும் தசை வளர்ந்திருப்பதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக ஏறத்தாழ 2,50,000 பேரைக் கூட்டிய பேரணியை பேயார்டு ரஸ்டின் என்ற அமைப்பாளர் இரண்டு மாதங்களுக்குள் ஏற்பாடு செய்தார். பேருந்துகள் எங்கே நிற்கும், ஒலிபெருக்கி எவ்வளவு தொலைவு எட்டும் என்பதுவரை பார்த்துச் செய்ய அவருக்குக் கிடைத்தவர்கள், அதற்கு முன் பல ஆண்டுகள் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்கள்.

இனி இழப்பைப் பற்றி. முதலாவது, அரைகுறையாக அறிந்தவர்களின் இழப்பு. மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அறிமுகமானவர்கள் வழியாக வேலை கிடைத்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு அந்தத் தகவலைத் தந்தவர்கள் எப்போதாவது அல்லது அபூர்வமாகவே சந்திக்கும் ஆட்கள் என்று கண்டார். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்; புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். சமூக வலைத்தளங்கள் இத்தகைய உறவுகளை அழியாமல் பாதுகாக்கின்றன என்பது உண்மைதான். பள்ளித்தோழரின் பிறந்தநாள் இன்று நமக்குத் தெரிவது அவற்றால்தான். ஆனால் அவை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் புதியவர்கள் நம் விருப்பத்தை அளந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்பதை யாரும் அளந்து தீர்மானிப்பதில்லை.

இரண்டாவது இழப்பைச் சொல்வது சற்றுக் கடினம். ஒரு செய்தியை ஆயிரம் பேர் தனித்தனியே அறிவதும், ஆயிரம் பேரும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் அறிவதும் வேறு வேறு. இரண்டாவதில், மற்றவர்களுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவையில் தலைவர் ஒரு வாக்குறுதி கொடுத்தால் அதை எல்லாரும் கேட்டார்கள் என்பதற்கு எல்லாருமே சாட்சி. ஒருவர் அபாண்டமாகப் பேசும்போது அறையில் விழும் மௌனமும், எங்கோ பின்வரிசையில் எழும் முணுமுணுப்பும் பேசியவருக்கும் கேட்டவர்களுக்கும் ஒருசேரத் தெரிகின்றன. திரையில் விருப்பக்குறியின் எண்ணிக்கை தெரியும், மௌனம் தெரியாது. படித்துவிட்டு முகம்சுளித்து நகர்ந்துபோன ஆயிரம் பேர் அங்கே வராதவர்களாகவே கணக்காகிறார்கள்.

மூன்றாவது, கூட்டம் நடத்தும் கைத்திறன். 1863இல் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற இராணுவப் பொறியாளரை ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவதென்று தெரியாமல் கூட்டம் கைமீறிப் போக, அந்த அவமானத்தில் தொடங்கிய படிப்பு 1876இல் ஒரு நடைமுறை விதிநூலாக வெளிவந்து, இன்றும் அமெரிக்காவின் எண்ணற்ற சங்கங்களில் கையாளப்படுகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது, தீர்மானத்துக்கு வழிமொழிவது, திருத்தத்தை முதலில் வாக்கெடுப்புக்கு விடுவது, தோற்ற தரப்பும் குறிப்பேட்டில் இடம்பெறுவது ஆகியவை பிறவியிலேயே வருபவை அல்ல. சிறிய சங்கத்தில் பொருளாளராக இருந்து கணக்குக் காட்டி, கேள்விக்கு வியர்த்து, மறுமாதமும் அதே முகங்களுக்கு முன்னால் போய் நின்றவர்களுக்கு அவை கைவருகின்றன. அவையஞ்சாமை என்று நம் மொழியில் ஒரு சொல்லே இருப்பது, அது பயின்று பெற வேண்டிய ஒன்று என்று முன்னோர் அறிந்திருந்ததால்தான். விசைப்பலகைக்கு முன்னால் யாருக்கும் அச்சமில்லை. ஆகவே அங்கே அதைப் பயிலவும் முடியாது.

பழைய கூட்டங்களை நினைத்து உருகுவதற்கு ஓர் எல்லை வேண்டும். ஏதென்ஸ் நகரின் பினிக்ஸ் குன்றில் கூடிய பேரவையை மக்களாட்சியின் தொட்டில் என்கிறோம். முக்கியமான சில முடிவுகளுக்கு 6,000 பேர் வாக்களிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே இருந்தது. வயதுவந்த ஆண் குடிமக்களுக்கு மட்டுமே அங்கே இடம். பெண்களும் அடிமைகளும் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாசலுக்கு வெளியே. அந்த ஆண்களும்கூட ஒழுங்காக வந்துவிடவில்லை. சந்தைவெளியில் வம்பளந்துகொண்டிருந்தவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றைக் கொண்டு பேரவைப் பக்கம் ஓட்டினார்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகைக்குக் கூலி கொடுக்கவும் நேர்ந்தது. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது நம் காலத்தின் தலைவலி மட்டுமல்ல என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். இன்றும் மாலை ஏழு மணிக் கூட்டம் என்றால், கைக்குழந்தை வைத்திருப்பவரும் இரவுப்பணிக்குச் செல்பவரும் சக்கரநாற்காலியில் படியேற முடியாதவரும் இரவில் தனியாகத் திரும்ப அஞ்சுபவரும் வரமுடியாதவர்களாகிவிடுகிறார்கள். இவர்களுக்கு இணையம் தந்த குரலைக் குறைத்து மதிப்பிடுவது, வசதியான காலும் வசதியான நேரமும் உள்ளவர்களின் ஆணவம்.

இரண்டையும் கலந்தால் என்ன என்ற சோதனையைப் பெருந்தொற்று நம்மீது சுமத்தியது. ஸூம் என்ற காணொளிக் கூட்டச் செயலியில் நாள்தோறும் பதிவாகும் பங்கேற்புகளின் எண்ணிக்கை 2019 டிசம்பரில் 1 கோடியாக இருந்து 2020 ஏப்ரலில் 30 கோடியானது. (அந்த நிறுவனம் முதலில் 30 கோடிப் பயனர்கள் என்று எழுதிவிட்டு, பிறகு பங்கேற்புகள் என்று திருத்திக்கொண்டது, ஒருவர் ஐந்து கூட்டத்தில் நுழைந்தால் ஐந்து.) காணொளிக் கூட்டம் முடிவெடுக்க உதவுகிறது, தொலைவைக் கடக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்திலிருப்பவரிடம் காதோடு காதாக ஒன்று சொல்ல முடியாது. யாருடைய கண் யாரைப் பார்க்கிறது என்று தெரியாது. முடிந்ததும் ஒரு பொத்தானில் எல்லாரும் மறைந்துவிடுகிறார்கள். வாசற்படியில் நிற்கும் அரை மணி நேரம் அதில் இல்லை.

அப்படியானால் திரும்பக் கூட வழியுண்டா என்றால், கூடினால் மட்டுமே நடக்கும் வேலை ஒன்று இருக்கும் இடத்தில் மக்கள் இன்றும் கூடுகிறார்கள் என்பதைக் காட்டலாம். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் ஆண்டுக்கொருமுறை மே மாதத்தில் வாக்காளர்கள் திறந்தவெளி வளையத்தில் நின்று சட்டங்களை முடிவுசெய்கிறார்கள். வண்ண அட்டையை உயர்த்துவார்கள். தலைவர் கண்ணாலேயே பெரும்பான்மையை மதிப்பிட்டு அறிவிப்பார். வராதவருக்கு வாக்கில்லை, அஞ்சலிலோ இணையத்திலோ செலுத்த முடியாது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து திருத்தம் முன்மொழியலாம். 2006இல் 25 ஊராட்சிகளை 10ஆகக் குறைக்கலாம் என்று அரசு ஒரு திட்டத்தை முன்வைத்தது. குடிமகன் ஒருவர் எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அந்த இடத்திலேயே மூன்றுக்கு வாக்களித்தது. 2011 முதல் மூன்றுதான். ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் கொண்ட வாக்குச்சீட்டில் மூன்று என்ற எண்ணுக்கு இடமே இருந்திருக்காது. குறைகளும் உண்டு: அட்டையை உயர்த்தும்போது அண்டைவீட்டார் பார்ப்பார்கள், நோயாளிகளால் வரமுடியாது. பக்கத்திலுள்ள உள் அப்பென்செல் மாநிலத்தின் இதேபோன்ற பேரவையில் பெண்களுக்கு இடம் கிடைத்ததே கூட்டாட்சி நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்த பிறகுதான்.

எங்கள் சிறிய கூட்டத்துக்கு நாங்கள் இதிலிருந்து ஒரு யோசனையைத் திருடிக்கொண்டோம். இப்போது உரையை ஒரு வாரம் முன்பே காணொளியாக அனுப்பிவிடுகிறோம். அறையில் உரை கிடையாது. கேள்விகளும் மறுப்புகளும் மட்டுமே, கடைசியில் அடுத்த மூன்று மாதங்களுக்கான தலைப்புகளைக் கையுயர்த்தித் தேர்ந்தெடுப்பது. அறையில் இருப்பவருக்கே வாக்கு. பதிவேடு பழையபடி பக்கம் வழியவில்லை, வழியும் என்றும் தோன்றவில்லை. சென்ற மாதம் இருபத்துமூன்று பேர். "எல்லா உரையையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்ற அந்த அன்பரும் வந்திருந்தார், தம் மனத்துக்குப் பிடித்த தலைப்பு ஒன்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு. அது தோற்றது. தோற்கடித்தவர்களில் ஒருவரோடு, ஆளுக்கு இரண்டு மடக்கிய நாற்காலிகளைக் கையில் பிடித்தபடி, இருபது நிமிடம் வாசலிலேயே நின்று வாதாடிக்கொண்டிருந்தார். சாவி என்னிடம் இருந்ததால் நானும் நின்றேன்.